எதிர்க்காத்து

பண்ணைப் பாலத்தில் ஏறினால்
எனக்கு எப்போதும் எதிர்க்காத்து.
காலமை வேலணைக்குப் போகேக்கையும்
பின்னேரம் யாழ்ப்பாணம் திரும்பேக்கையும்.
பதினொரு வருடம்.
சோளகம், வாடை, கச்சான், கொண்டல்
நாலும் கூடிக் கதைத்து
என் நெஞ்சுக்கு நேரே வருகின்றன என்று
எனக்குள் ஒரு கோப்புத் திறந்து வைத்திருந்தேன்.
பிரதேச சபையில் என் வேலையும் அதுதான்,
கோப்புத் திறப்பது.
மூடுவது வேறு ஆளின் பொறுப்பு.

முதல் பக்கத்தில் காற்று மட்டும்.
பிறகு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது:
பதவி உயர்வுச் சோதினைக்கு நிரப்பி
மேசை லாச்சிக்குள் வைத்த விண்ணப்பம்,
ரொறன்ரோவிலிருந்து அண்ணன் அனுப்பிய படிவம்,
சங்கானையில் ஒரு வீட்டில்
தேத்தண்ணி ஆறி ஆடை படரும்வரை
நான் வாய் திறவாமல் இருந்தது.
எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரே குறிப்பு,
எதிர்க்காத்து.
கீழே கையொப்பம். என்னுடையதுதான்.

அதைக் குறை சொல்லவும் ஏலாது.
விடிய முன்னம் என்னை எழுப்பியதும் அதுதான்.
எதிர்க்காத்துக்காரன் பிந்தக் கூடாது.
வரவுப் பதிவேட்டில்
என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு கிடையாது.
கெண்டைக்கால் இரண்டும்
பனங்கொட்டை மாதிரி இறுகிப் போயின.

பெற்றோல் இல்லாத அந்த ஆடி மாதம்
கடைசி பஸ்ஸும் வரவில்லை.
கணக்குப் பகுதி எமில்டாவுக்குப் பாசையூர் போகவேணும்.
"கரியரிலை இருக்கட்டே?"
"காத்து எதிர்" என்றேன்,
மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல.
அவள் காதில் வாங்கவில்லை.
பையை மடியில் வைத்து
ஒருபக்கமாய் ஏறி இருந்தாள்.

அல்லைப்பிட்டி. மண்டைதீவுச் சந்தி.
இரண்டு பேர் பாரம்,
பின்சில்லிலும் காத்துக் காணாது.
நடக்கிற வேகத்தில்தான் மிதித்தேன்.
பாலத்தில் ஏறினதும்
மஞ்சளாய் ஏதோ என் தோளைத் தாண்டி
ஹாண்டிலைத் தாண்டி
எனக்கு முன்னால் பறந்தது.
எமில்டாவின் சேலைத் தலைப்பு,
எங்களுக்கு முதல் தான் போய்ச்சேர வேணும் என்று
யாழ்ப்பாணத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு.

"பிறேக்கைப் பிடியுங்கோ, சில்லுக்குள்ளை போகப் போகுது!"

பிடித்தேன். சைக்கிள் நின்றது.
தலைப்பு நிற்கவில்லை.

இறங்கிப் பார்த்தேன்.
களங்கண்டித் தடிகளில் கொக்குகள்
எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து இருந்தன,
நாங்கள் விட்டுவந்த பக்கம்.
தண்ணீர் சுருக்கம் சுருக்கமாய்
கோட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப இவ்வளவு காலமும்
என்ரை முகத்திலை அடிச்சது என்ன?"

நான் அவளைக் கேட்கவில்லை.
தலைப்பை இடுப்பில் செருகியபடி
அவள்தான் சொன்னாள்:
"நீங்கள் விழுந்தடிச்சு ஓடுற ஓட்டம். வேறென்ன?
ஏறுங்கோ, நேரம் போகுது."

அடுத்த நாள் லாச்சியைத் திறந்தேன் என்று
சொல்ல விருப்பம்தான்.
திறந்தேன். திகதி எப்போதோ கழிந்திருந்தது,
மூலையைப் பூச்சி அரித்திருந்தது.
சங்கானை வீட்டுக்காரிக்கு
இப்போது இரண்டு பிள்ளைகள்.
அண்ணனுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினேன்,
படிவத்தைப் பற்றி அல்ல,
கொக்குகளைப் பற்றி.

மார்கழி வந்தது.
பஸ்ஸும் வந்தது, எமில்டா பஸ்ஸில் போனாள்.
திரும்பும் வழியில் வாடை,
இந்த முறை மெய்யாகவே நெஞ்சுக்கு நேரே,
மழைத்தூறலையும் சேர்த்துக்கொண்டு.

"பின்காத்து" என்று சொல்லிப் பார்த்தேன்.
பச்சைப் பொய்.
கால்கள் நம்பின,
ஐந்தாவது லைற் கம்பம் வரைக்கும்.
ஆறாவதில் கேள்வி கேட்டன.
திரும்பவும் சொன்னேன்.
இன்னும் மூன்று கம்பம் தந்தன.
பிறகு பேச்சை விட்டு மூன்று பேரும்,
நானும் இரண்டு கால்களும்,
சும்மா மிதித்தோம்.

கோட்டை மதில் தெரிந்தபோது
உடம்பு முழுக்க ஈரம்.
வழமையைவிடப் பத்து நிமிடம் பிந்தி.
பாலத்தின் இந்தக் கரையில்
பதிவேட்டோடு யாரும் நிற்கவில்லை.